கடின நீரும் மென்னீரும்: கருவி வாங்கும் முன் அறிய வேண்டியவை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆழ்துளைக் கிணற்று நீரை மென்மையாக்கும் பெரிய கருவியொன்றைப் பள்ளிவாசலுக்கு வாங்கலாமா என்பது இன்றைய கூட்டத்தின் முன்னுள்ள கேள்விகளுள் ஒன்று. ஒளுச் செய்யும் இடத்துக் குழாய்களில் வெள்ளைப் படிவு அடைத்துக்கொள்கிறது. மத்ரஸா விடுதியின் சமையற்கட்டில் பருப்பு வேகப் பொழுதாகிறது. மாணவர்களின் துணிகளில் சோப்பு நுரைப்பதில்லை. இவை மூன்றும் உண்மையான குறைகளே. இவற்றுக்கு என்ன காரணம், அந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது, அதைப் பொருத்தினால் வேறு யாருக்கு என்ன நேரும் என்பவற்றை எளிய முறையில் விளக்குமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். எனக்குத் தெரிந்த அளவில் அவற்றை எடுத்துரைக்கிறேன். முடிவு உங்களுடையது.

உப்பு நீர் வேறு, கடின நீர் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்களில் ‘உப்புத் தண்ணீர்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு குறைகளைக் குறிப்பிடுகிறோம். நாவில் கரிக்கும் நீர் ஒன்று. அதில் சோடியமும் குளோரைடும் மிகுந்திருக்கும். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உட்புகுவதால் இது உண்டாகிறது. மற்றொன்று, கரிப்பு அதிகம் இல்லாமலேயே சோப்பை நுரைக்க விடாத நீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். இதையே வேதியியலார் கடின நீர் என்கிறார்கள்.

இவ்விரண்டும் ஒரே கிணற்றில் சேர்ந்து இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். மென்னீராக்கும் கருவி இரண்டாவது குறையை மட்டுமே நீக்கும். கரிப்பை அது சிறிதும் குறைக்காது. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் பணத்தைச் செலவிட்டு, “தண்ணீர் இன்னும் கரிக்கிறதே” என்று வருந்துவோர் பலர்.

கடினத்தன்மை எங்கிருந்து வருகிறது?

வானிலிருந்து விழும் மழைநீர் மென்னீர். அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை உட்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமில நீர் சுண்ணாம்புக் கற்களையும் பிற பாறைகளையும் மெல்ல மெல்லக் கரைத்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கும் அரியலூர்ப் பகுதியில் மட்டுமே இது நடப்பதாக எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். அப்பாறைகளிலும் கால்சியம் உண்டு. மண்ணில் சுண்ணாம்புக் கட்டிகளும் உண்டு. நீர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு காலம் பாறையோடு உறவாடுகிறதோ அவ்வளவுக்கு அதன் கடினத்தன்மை கூடும். அதனால்தான் தரையோரக் கிணற்றில் கிடைத்த நீரைவிட, ஆழமாகத் துளையிட்டு எடுக்கும் நீர் பல இடங்களில் கடினமாக இருக்கிறது.

கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் கணக்கிட்டு, ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிப்பார்கள். 60 வரை மென்னீர், 120 வரை ஓரளவு கடினம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாக வழங்கும் பகுப்பு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு) 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது.

சோப்பும் பருப்பும் சொல்லும் செய்தி

கடின நீரில் சோப்பைத் தேய்த்தால் நுரை வருவதற்கு முன் தயிர்த்திரி போன்ற வெள்ளைக் கசடு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைக் கால்சியம் பற்றிக்கொண்டு கரையாத பொருளாக மாற்றிவிடுவதே அதற்குக் காரணம். நீரிலுள்ள கால்சியம் முழுவதும் தீர்ந்த பின்னரே சோப்பு தன் வேலையைத் தொடங்குகிறது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் 15 லிட்டர் கொண்ட ஒரு வாளியில் இருந்தால், கணக்குப்படி ஏறத்தாழ 35 கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலேயே கசடாகப் போய்விடும். ஏழைக் குடும்பத்தின் சோப்புச் செலவில் கடின நீருக்கென்று ஒரு பங்கு இருக்கிறது.

பருப்பின் கதையும் இத்தகையதே. பருப்பின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் வெந்நீரில் இளக வேண்டும். நீரிலுள்ள கால்சியம் அந்தப் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. பருப்பு குழையாமல் முழித்துக்கொண்டு நிற்கிறது. விறகோ எரிவாயுவோ வீணாகிறது. “பருப்பு வேகும் தண்ணீர்” என்று ஒரு கிணற்றையும், “பருப்பு வேகாத தண்ணீர்” என்று மற்றொரு கிணற்றையும் பிரித்து வைத்திருந்த நம் பாட்டிமார்கள், ஆய்வகம் இல்லாமலேயே கடினத்தன்மையை அளந்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது அடையாளம் வெப்பத்தில் தோன்றும் படிவு. கடின நீரிலுள்ள பைகார்பனேட், நீர் கொதிக்கும்போது சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் பாத்திரத்தின் அடியிலும் வெந்நீர்க் கருவியின் சுருளிலும் படிகிறது. இவ்வாறு கொதிக்கவைத்தால் நீங்குவதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பர். சல்ஃபேட், குளோரைடு ஆகியவற்றோடு வரும் கால்சியமும் மக்னீசியமும் கொதிக்கவைத்தாலும் நீங்கா. அது நிரந்தரக் கடினத்தன்மை. வெந்நீர்க் கருவியில் படியும் அடுக்கு வெப்பத்தைத் தடுப்பதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. சுருள் விரைவில் கருகுகிறது. நீராவிக் கொதிகலன்களில் இந்தப் படிவு வெறும் செலவோடு நிற்காது. குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கும் அபாயமும் உண்டு.

அயனிப் பரிமாற்றம்: ஒரு பண்டமாற்று

நீரில் கரைந்த உப்புகள் மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்து நிற்கின்றன. அவற்றை அயனிகள் என்கிறோம். மென்னீராக்கும் கருவியின் தொட்டிக்குள் கடுகு போன்ற சிறு சிறு மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினால் ஆனவை அவை. ஒவ்வொரு மணியிலும் எண்ணற்ற இருக்கைகள் இருப்பதாகவும், ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சோடியம் அயனி அமர்ந்திருப்பதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். சோடியத்துக்கு மின்னேற்றம் ஒன்று. கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இரண்டு. கடின நீர் மணிகளினூடே இறங்கும்போது, மணிகள் சோடியத்தைவிடக் கால்சியத்தையே விரும்பிப் பற்றிக்கொள்கின்றன. ஒரு கால்சியம் இரண்டு இருக்கைகளில் அமர, அங்கிருந்த இரண்டு சோடியங்கள் எழுந்து நீரோடு வெளியேறுகின்றன. ஒன்று கொடுத்து ஒன்று வாங்கும் பண்டமாற்று இது. அதாவது, கால்சியம் மறைந்துவிடுவதில்லை. அதன் இடத்தில் சோடியம் வந்து நிற்கிறது.

இருக்கைகள் எல்லாம் கால்சியத்தால் நிறைந்தபின் கருவி பயனற்றுப்போகும். அப்போது அதற்கு உப்புக் கரைசல் செலுத்த வேண்டும். பொதுவாக 10 விழுக்காட்டு அளவில் சமையலுப்பைக் கரைத்து மணிகளினூடே மெல்லச் செலுத்துவார்கள். சோடியத்தின் கூட்டம் அளவின்றிப் பெருகும்போது, முன்பு விருப்பத்தோடு பற்றப்பட்ட கால்சியமும் இடம்பெயர்கிறது. மணிகள் மீண்டும் சோடியம் நிறைந்தவையாகின்றன. முதலில் நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி மணிகளை அலசுதல், பிறகு உப்புக் கரைசல், பிறகு நல்ல நீரால் கழுவுதல் என்று மூன்று படிகள். இந்த மூன்று படிகளிலும் வெளியேறும் கழிவுநீரைத்தான் நாம் இன்று கவனமாக எண்ணிப்பார்க்க வேண்டும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

மண்ணிலிருந்து வந்த கண்டுபிடிப்பு

இந்த அறிவு விவசாயத்திலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் தாம்ஸன் என்னும் வேளாண்மை ஆர்வலர், உரத்திலுள்ள அம்மோனியா மழையில் கரைந்து போய்விடாமல் மண்ணில் எப்படித் தங்குகிறது என்று ஆராய்ந்தார். அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை மண்ணினூடே ஊற்றியபோது, கீழே வந்த நீரில் அம்மோனியம் இல்லை. கால்சியம் சல்ஃபேட் இருந்தது. மண் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்திருந்தது. வே என்னும் வேதியியலார் இதை விரிவாக ஆராய்ந்தார். இருவரின் ஆய்வுகளும் 1850ஆம் ஆண்டில் வெளிவந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ், சோடியம் அலுமினோ சிலிகேட் என்னும் செயற்கைப் பொருளை உருவாக்கி, நீரை மென்மையாக்க அதைப் பயன்படுத்தினார். 1935இல் இங்கிலாந்தின் ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகிய இருவர் முதன்முதலாகச் செயற்கைப் பிசின்களால் அயனிகளை மாற்றிக் காட்டினர். 1944இல் அமெரிக்காவின் டி அலெலியோ உருவாக்கிய ஸ்டைரீன் வகைப் பிசினின் வழிவந்தவையே இன்று நம் சந்தையிலுள்ள பெரும்பாலான கருவிகளின் மணிகள்.

நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைப் பயன்படுத்தியதும் இதற்குத் தொடர்புடையதே. அந்த மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட், நீரிலுள்ள கால்சியத்தைக் கரையாப் பொருளாக்கி ஒதுக்கிவிடும். இன்று கடையில் விற்கும் சலவைத்தூள் பலவற்றிலும் சோடா உண்டு. சிலவற்றில் ஜியோலைட் என்னும் அயனிமாற்றுப் பொருளும் உண்டு. ஆனால் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றான் கொட்டை கடினத்தன்மையை நீக்காது. தெளிவு வேறு, மென்மை வேறு.

விற்பனையாளர் சொல்வதும் உண்மையும்

கருவி விற்க வருவோர் சிலர் சிறு மின்னளவியை நீரில் வைத்து, ‘டி.டி.எஸ்.’ எண்ணைக் காட்டி அச்சமூட்டுவதுண்டு. அந்த எண் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் குறிப்பது, கடினத்தன்மையை அல்ல. மேலும், மென்னீராக்கும் கருவியினூடே சென்ற பின்னும் அந்த எண் ஏறத்தாழ மாறாது. கால்சியம் போன இடத்துக்குச் சோடியம் வந்துவிடுகிறதல்லவா? ஆகவே டி.டி.எஸ். எண்ணைக் காட்டி மென்னீராக்கும் கருவியை விற்பது பொருந்தாத வாதம்.

“கடின நீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும்” என்பது மற்றொரு பேச்சு. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் நிர்ணயிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையானவை. வெயில் மிகுந்த நம் நாட்டில் போதிய அளவு நீர் அருந்தாமை, கல் உண்டாக முக்கியக் காரணங்களுள் ஒன்று. கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு நடப்பதே முறை.

தோல் நோய் பற்றியும் ஒரு செய்தி. இங்கிலாந்தில் கரப்பான் நோயுள்ள 336 குழந்தைகளைக் கொண்டு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. வீட்டில் அயனிப் பரிமாற்றக் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கும், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற குழந்தைகளுக்கும் இடையே, கருவியால் கூடுதல் நன்மை எதுவும் காணப்படவில்லை.

குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தங்களையும் சிலர் விற்கிறார்கள். அவற்றின் வழியே சென்ற நீரைப் பரிசோதித்துப் பாருங்கள். கால்சியத்தின் அளவு அப்படியே இருக்கும்.

இவ்வாறு சொல்வதால் மென்னீராக்கும் கருவியே தேவையற்றது என்று எண்ணிவிட வேண்டாம். நீராவிக் கொதிகலனுக்கு அது இன்றியமையாதது. சாயத் தொழிலுக்குத் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுநீரகம் செயலிழந்தோருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் மருத்துவமனைகளில், நீரைத் தூய்மைப்படுத்தும் வரிசையில் இந்தக் கருவிக்கு ஓர் இடம் உண்டு. அங்கே அது பழுதடைந்து கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர் சென்றுவிட்டால், நோயாளிக்குக் குமட்டல், வாந்தி, இரத்தக் கொதிப்பு ஆகியவை உண்டாகும். தேவையான இடத்தில் இது உயிர்காக்கும் கருவி. நம் தேவை அத்தகையதா என்பதே கேள்வி.

குடிக்கலாமா?

லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரை முழுவதும் மென்மையாக்கினால், ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 184 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேர்கிறது. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் அருந்துபவருக்கு அது 550 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நலமாக இருப்பவருக்கு இது பெரும் தீங்கு செய்யாமல் இருக்கலாம். ஆனால் இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உடையவர்களும், பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளும் அந்த நீரைத் தவிர்ப்பது நல்லது. ஆகவே எந்த வீட்டில் பொருத்தினாலும், குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாயைக் கருவிக்கு முன்னரே பிரித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று: இந்தக் கருவி கிருமிகளைக் கொல்லாது, நைட்ரேட்டை நீக்காது, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் பெருந்துன்பமாக இருக்கும் ஃபுளோரைடையும் நீக்காது. “சுத்திகரிக்கப்பட்ட நீர்” என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கழிவுநீர் எங்கே போகிறது?

இப்போது நான் முன்னர் தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். இன்றைய முடிவு இதைப் பொறுத்தது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 5,000 லிட்டர் நீர் செலவாகும் ஒரு பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். கடினத்தன்மை 400 என்றால், நாள்தோறும் நீக்க வேண்டியது 2 கிலோ. நூறு லிட்டர் ரெசின் கொண்ட கருவி, ஒருமுறை உப்பிட்டால் ஏறத்தாழ 5 கிலோவை நீக்கும். அதாவது இரண்டரை நாள் ஓடும். அவ்வாறு ஒவ்வொரு முறையும் தேவைப்படும் உப்பு ஏறத்தாழ 12 கிலோ. கணக்குப்படி பாதியளவு உப்பே போதும். ஆனால் கால்சியத்தை விரட்டக் கூட்டம் பெருக வேண்டியிருப்பதால் இருமடங்கு இட வேண்டியுள்ளது. நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,750 கிலோ. ஒன்றே முக்கால் டன் உப்பு!

அந்த உப்பில் ஒரு துளிக் குளோரைடுகூட ரெசினில் தங்குவதில்லை. அனைத்தும் கழிவுநீரில் வெளியேறுகிறது. அதன் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. ஆயிரம் கிலோ குளோரைடை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய, குளோரைடே இல்லாத தூய நீர் 40 இலட்சம் லிட்டர் வேண்டும். நம் ஊரில் அத்தனை நீர் எங்கே இருக்கிறது?

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் அந்த உப்பு வேறெங்கோ போய்ச் சேரும். நம்மைப் போன்ற ஊர்களிலோ அது உறிஞ்சுகுழிக்குப் போகும், உறிஞ்சுகுழியிலிருந்து நிலத்துக்கு, நிலத்திலிருந்து பள்ளத்திலுள்ள கிணறுகளுக்கு. மண் கிருமிகளை ஓரளவு வடிகட்டும்; குளோரைடை வடிகட்டாது. சோடியமோ களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, நீர் இறங்காத இறுக்கமான நிலமாக்கிவிடும். தென்னை ஓரளவு தாங்கும், வாழை தாங்காது.

இது வெறும் அச்சமூட்டும் பேச்சன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கு என்னும் பகுதி உண்டு. அங்குள்ள வீடுகளின் மென்னீராக்கும் கருவிகளிலிருந்து வெளியேறிய குளோரைடு, கழிவுநீர் நிலையத்தின் வழியே ஆற்றில் கலந்து, கீழ்ப்பகுதி விவசாயிகளின் உப்பைத் தாங்காத பயிர்களுக்குக் கேடாகும் என்ற நிலை உண்டாயிற்று. 2003இல் புதிய கருவிகளைப் பொருத்துவது தடைசெய்யப்பட்டது. 2008 நவம்பரில் அங்குள்ள மக்களே வாக்களித்து, தானாக உப்பிட்டுக்கொள்ளும் பழைய கருவிகளையும் அகற்ற ஒப்புக்கொண்டனர். செல்வ வளம் மிக்க நாட்டில், நவீனக் கழிவுநீர் நிலையம் இருந்தும் இந்த நிலை.

நம் நாட்டில், நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகத் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் நாம் அறிந்தவை. அங்கே உப்பின் மூலம் சாயத்தொட்டிகள். அளவும் பன்மடங்கு பெரியது. ஆயினும் பாடம் ஒன்றே: நிலத்தடி நீரில் உப்பைச் சேர்ப்பது எளிது, எடுப்பது அரிது.

கருவி பள்ளிவாசலுக்கும், அதன் உப்பு அண்டை வீட்டாரின் கிணற்றுக்கும் என்று ஆகிவிடக் கூடாது. பள்ளத்துத் தெருவில் வசிப்போர் இந்தக் கூட்டத்தில் வாக்களிக்கும் நிலையில் இல்லை. அவர்களுள் நம் சமுதாயத்தைச் சேராதவர்களும் உண்டு. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, அளந்து பார்ப்போம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைக் கொடுத்தால் கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, ஃபுளோரைடு அனைத்தையும் அறியலாம். மழைக்காலத்துக்குப் பின் ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் அளப்பது நல்லது. நீரில் இரும்பு மிகுந்திருந்தால் அது ரெசினில் படிந்து கருவியை விரைவில் கெடுக்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

இரண்டாவது, ஒளுச் செய்யும் குழாய்களுக்கு மென்னீர் தேவையில்லை. அங்கே சோப்பு இல்லை, வெப்பமும் இல்லை. குழாய் வாயில் படிவது கால்சியம் கார்பனேட். வினிகரிலோ எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்துத் துலக்கினால் அது கரைந்துவிடும். திங்களுக்கு ஒருமுறை இளைஞர்கள் இருவர் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதுமானது. ஆனால் அமிலத்தைப் பளிங்குத் தரையில் சிந்திவிட வேண்டாம். பளிங்கும் கால்சியம் கார்பனேட்டே, அதுவும் அரித்துப்போகும்.

மூன்றாவது, மத்ரஸாச் சமையற்கட்டுக்கும் சலவைக்கும் மழைநீர். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பல இடங்களில் அந்தக் குழாய்கள் உடைந்தும் தூர்ந்தும் கிடக்கின்றன. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 400 சதுர மீட்டர் கூரையில், ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழையில், ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் மென்னீர் கிடைக்கும். முதல் மழையைக் கழித்துவிட்டு, மூடிய தொட்டியில் ஒரு பகுதியைச் சேமித்துப் பருப்புக்கும் துணிக்கும் பயன்படுத்தலாம். எஞ்சியதைக் கிணற்றுக்குள் விட்டால், அந்தக் கிணற்றின் கடினத்தன்மையே மெல்லக் குறைய வழியுண்டு. கருவி நிலத்தில் உப்பைச் சேர்க்கும். மழைநீர் அதைக் குறைக்கும்.

நான்காவது, வீட்டில் வெந்நீர்க் கருவிக்காகவோ வேறு தேவைக்காகவோ மென்னீராக்கும் கருவி வாங்கியே ஆக வேண்டும் என்போர், விற்பவரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ரெசின் எத்தனை லிட்டர்? எங்கள் நீரின் கடினத்தன்மைக்கு எத்தனை லிட்டர் நீருக்கு ஒருமுறை உப்பிட வேண்டும்? ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ உப்பு? கழிவுநீர் எத்தனை லிட்டர், அது எங்கே விடப்படும்? குடிநீர்க் குழாய் தனியாகப் பிரிக்கப்படுமா? இவற்றுக்குத் தெளிவான எண்ணில் விடை சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். வீடு முழுவதற்கும் பொருத்தாமல் வெந்நீர்க் குழாய்க்கு மட்டும் சிறிய கருவி பொருத்தினால் உப்பும் செலவும் பெருமளவு குறையும். கடிகாரக் கணக்கில் உப்பிடும் கருவியைவிட, ஓடிய நீரின் அளவைக் கணக்கிட்டு உப்பிடும் கருவி சிக்கனமானது.

கருவி வேலை செய்கிறதா என்று அறிய வீட்டிலேயே எளிய வழி உண்டு. ஒரு சிறு புட்டியில் பாதியளவு நீரை எடுத்து, சோப்புக் கரைசல் சில துளிகள் விட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். வெள்ளைக் கசடு மிதந்தால் உப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதற்குச் சலவைத்தூளைப் பயன்படுத்தக் கூடாது. அது கடின நீரிலும் நுரைக்கும்.

நிறைவாக

பெரியோர்களே! கருவிக்கென ஒதுக்க எண்ணியுள்ள தொகையில் ஒரு பகுதியை முதலில் நீர்ப் பரிசோதனைக்கும், பள்ளிவாசல் கூரையின் மழைநீர்க் குழாய்களைச் சீரமைக்கவும், மத்ரஸாவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டவும் செலவிடுமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மழைக்காலம் கழிந்தபின், அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, கருவி தேவையா என்பதை மீண்டும் ஆராய்வோம். அப்போதும் தேவை என்று முடிவானால், உப்புக் கழிவை எங்கே விடுவது என்பதை முதலில் தீர்மானித்து, பள்ளத்துத் தெரு மக்களையும் அழைத்துக் கேட்டபின் வாங்குவோம்.